தையல் மெஷின் மேல் இருந்த சிதம்பரம்

ரயில் மறுபடி ஓட ஆரம்பித்தால் என் மனைவியும் மகளும் அதே ரயிலில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று மூன்று வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தவறாமல், கோயிலில் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. முட்டாள்தனத்துக்கும் மன்னிப்பு உண்டா என்று சாமியாரைக் கேட்கப் பயம். உண்டு என்று அவர் சொல்லிவிட்டால் என் பட்டியலை முடித்து நான் வெளியே வருவதற்குள் உயிர்ப்பு ஞாயிறே வந்துவிடும்.

அவர்கள் கோபித்துக்கொண்டு போனதாக நினைக்க வேண்டாம். கோபித்துக்கொள்ள எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டும். நான் வீட்டில் இருந்த நேரம் ரொம்பக் கொஞ்சம்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில், ஜங்ஷனுக்கு நடந்து போகிற தூரத்தில். எனக்கு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. மனைவி சிதம்பரத்தில் டீச்சர். மகளும் அவள் பள்ளிக்கூடத்திலேயே படித்தாள். காலையில் இரண்டு பேரும் மீட்டர் கேஜ் பாசஞ்சரில் ஏறுவார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிறகு சிதம்பரம். சாயங்காலம் அதே வரிசையைத் திருப்பிப் போட்டு வந்து சேருவார்கள். 2006 முடிகிற சமயத்தில் அகலப்பாதை போடுவதற்காக அந்த ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பஸ்ஸில் போனால் மகளுக்கு வாந்தி. நின்றுகொண்டே போய்வந்ததில் மனைவிக்கு முழங்கால் வீங்கியது.

"ஒரு வருஷத்துல போட்ருவாங்களாம்ங்க. அதுவரைக்கும் அங்கியே ஒரு வீடு பாத்துக்கறோம். லீவுல வந்துட்டுப் போறோம்" என்றாள்.

"சரி" என்றேன். "திருவிழாக் கொடியேத்தம் வருது. இல்லன்னா நானே வந்து வீடு பாப்பேன். மைக் செட்டுக்கு ஆள் இல்ல."

அவள் துணிகளை மடிக்கப் போய்விட்டாள்.

அந்த மைக் செட்டைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒரே வருஷத்தில் என் தலையில் விழுந்தவை. 2004 ஆகஸ்டில் பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்த என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு பெரிய அட்டைப்பெட்டியை நீட்டினான். "மாமா, இது பாப்பாவுக்கு." உள்ளே ஓர் இன்ஜின், மூன்று பெட்டி, வட்டமாகக் கோக்கிற தண்டவாளம். மகள் இரண்டு நாள் விளையாடினாள். மூன்றாம் நாள் ராத்திரி நான் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சக்கரத்தின் உயரத்திலிருந்து அது வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அது புள்ளைக்கு வாங்கியாந்தது."

"புள்ளைக்குத்தான் ஓட்டிக் காட்றேன்."

"புள்ள தூங்கி ஒரு மணி நேரம் ஆவுது."

அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பழைய கதவுப் பலகையை முக்காலிகளின் மேல் போட்டுப் பின்னறையில் ரயில்வே ஆரம்பித்தேன். தெர்மகோல், கல்யாணப் பத்திரிகை அட்டை, சாயம் போட்ட மரத்தூள். சுற்றிச் சுற்றி வருவது எனக்குப் பிடிக்கவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்குமான பாதையை அப்படியே செய்ய வேண்டும் என்று ஆசை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் புதுச்சத்திரம் ஸ்டேஷனுக்குப் போய் ஜன்னல்களை எண்ணிக்கொண்டு வருவேன். ஸ்டேஷன் மாஸ்டர் என்னை ஏதோ விசாரணைக்கு வந்தவன் என்று நினைத்து ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருஷக் கடைசியில்தான் சுனாமி. எங்கள் கோயில் வளாகத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். "வரிசைல வாங்க" என்று சொல்லத் தொண்டை உள்ள ஆள் வேண்டும் என்று சாமியார் என் கையில் மைக்கைக் கொடுத்தார். அதன் பிறகு அந்த மைக்கை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. முதல் பூசைக்கு மைக், இரண்டாம் பூசைக்கு மைக், வாசகம், மறைக்கல்வி, அடக்கத்துக்கு நாற்காலி, கடைசியில் எங்கள் தெரு அன்பியத்துக்குப் பொறுப்பாளர். அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழு. அதன் நோட்டு என்னிடம் இருந்தது. ஸ்டோர்ஸ், கோயில், ரயில் மூன்றையும் எப்படித்தான் சமாளிக்கிறானோ என்று ஊர் மெச்சியது. நான்காவதாக ஒன்று இருந்தது. அது மெச்சவில்லை, சிதம்பரம் போய்விட்டது.

அவர்கள் போன பிறகு வீட்டில் ஆள் குறைந்த அளவுக்கு ரயில்வே வளர்ந்தது. ஆரம்பத்தில் மாதம் ஒரு தடவை சனிக்கிழமை வருவார்கள். வருவதற்கு முன்னால் ஆலப்பாக்கத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, வெள்ளாற்றுப் பாலத்தை அலமாரி மேல் ஏற்றி, கூடத்தைப் பெருக்கி வைப்பேன். ஞாயிறு சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் பாலம் கீழே இறங்கும். யாராவது பார்த்திருந்தால் இந்த ஆள் எதையோ திருடி மறைக்கிறான் என்று போலீசுக்குச் சொல்லியிருப்பார்கள்.

நான் அங்கே போகவில்லையா என்றால், போனேன். மூன்று வருஷத்தில் ஐந்து தடவை. முதல் தடவை போனது நன்றாக நினைவிருக்கிறது. ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷன். வெளியிலிருந்து ஏறும் படிக்கட்டு. உள்ளே போனால் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தது. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், கொடியில் இரண்டு துண்டு. எனக்குக் காபி கொடுக்க மனைவி கீழ்வீட்டிலிருந்து டம்ளர் வாங்கிக்கொண்டு வந்தாள். ஃபேன் போடப் போனேன்; லைட் எரிந்தது.

"அப்பா, அது இல்லப்பா. பக்கத்துல" என்றாள் மகள். விருந்தாளிக்குச் சொல்வது போல அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

"சக்கர போதுமாங்க?" என்றாள் மனைவி.

பயம் வந்தால் எனக்கு வேடிக்கை பேச வரும். "வீட்டுக்காரரு எங்க, வெளிய போயிருக்காரா?" என்று கேட்டேன். மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். கோயிலில் பங்குப் பேரவைக் கூட்டம் இருக்கிறது என்று சொன்னேன். அன்றைக்குக் கூட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. முதுநகர் வந்து கோயில் கதவு பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் பரங்கிப்பேட்டைக்குக் கூரை போட்டேன்.

அதற்குப் பிறகு போன நான்கு தடவையும் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி அழைத்தால் கோயிலைச் சொல்வேன். கோயிலில் வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் முதலில் தூக்குகிற கை என்னுடையது. எவ்வளவு பக்தி என்றார்கள். இரண்டாம் பூசை முடிந்து வீட்டைத் திறந்தால் காலையில் வைத்த செம்பு வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்க்கப் பயந்து வந்த பக்தி அது.

ஊரில் யாருக்கும் இது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் வாரா வாரம் வருவதாகவும், நான்தான் கோயில் வேலையில் கவனிக்க முடியாமல் இருப்பதாகவும் ஒரு தோற்றத்தைப் பாடுபட்டுக் காப்பாற்றிவந்தேன். அதற்கு ஆபத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும், அக்டோபரில். ஜெபமாலை மாதம் என்பதால் மாதா சொரூபம் தினம் ஒரு வீடாகப் போகும். ஏழு மணிக்கு அன்பியம் மொத்தமும் அந்த வீட்டில் கூடும். ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக வருகிற ஐந்து பகுதிகளையும் அந்த வீட்டார் ஆளுக்கு ஒரு பத்தாகச் சொல்லித் தொடங்க வேண்டும். சொரூபம் அன்றைக்கு அங்கேயே தங்கும். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று பட்டியல் எழுதுகிறவன் நான். எனவே 2007-இலும் 2008-இலும் என் வீட்டைச் சரஸ்வதி பூஜை லீவு நாளில் எழுதிக்கொண்டேன். பள்ளிக்கூடம் லீவு, மனைவியும் மகளும் வந்துவிடுவார்கள். மாதா வருகைக்குச் சரஸ்வதி பூஜையைப் பார்த்து நாள் குறித்த அன்பியப் பொறுப்பாளர் மறைமாவட்டத்தில் நான் ஒருவன்தான்.

2009-இல் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாட்காட்டியைப் புரட்டினேன். அக்டோபரில் பூஜை இல்லை. திரும்பப் புரட்டினேன். அந்த வருஷம் செப்டம்பரிலேயே வந்துவிட்டிருந்தது. நாட்காட்டி அச்சடித்தவன் மேல் சந்தேகம் வந்து எதிர்வீட்டுக்குப் போய் அவர்கள் நாட்காட்டியையும் பார்த்தேன். அதிலும் செப்டம்பர்தான். தீபாவளியில் போடலாம் என்றால், வெடிச் சத்தத்தில் ஜெபமாலை கேட்காது என்று அன்றைக்குச் சொரூபம் கோயிலிலேயே இருப்பது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளோ பிள்ளைகள் சென்னையிலிருந்து வருகிற வீடுகளுக்கு. மகள் பத்தாம் வகுப்பு. ஜூனிலிருந்து சனி, ஞாயிறு டியூஷன் என்று அவர்கள் வருவதே நின்றுபோயிருந்தது. அதனால் ரயில்வேயும் யாரிடமிருந்தும் மறைக்க வேண்டியில்லாமல் பின்னறையிலிருந்து கதவு வழியாகக் கூடத்துக்கு வந்து, சாப்பாட்டு மேஜை மேல் வெள்ளாற்றைக் கடந்து, ஜன்னலோரம் மனைவி விட்டுப்போன தையல் மெஷின் மேல் சிதம்பரத்தில் போய் நின்றிருந்தது. மெஷினை மடக்கி உள்ளே விட்டு, மேலே அட்டை வைத்து ஒட்டிய சிதம்பரம்.

என் வீட்டைக் கடைசி நாளில் எழுதினேன். அக்டோபர் முடிவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். நல்ல மழையாக இருந்தால் சொரூபத்தை வெளியே எடுக்க மாட்டார்கள். மாதம் முழுக்க வீடு வீடாகப் போய், என் வீட்டுக்கு மட்டும் வந்துவிடாதே தாயே என்று மாதாவிடமே வேண்டிக்கொண்டேன்.

முந்தின நாள் வரை மழை இல்லை. மனைவிக்கு போன் செய்தேன்.

"ஒரே ஒரு நாளு வந்துட்டுப் போயேன்."

"நாளைக்கு ரிவிஷன் டெஸ்ட்டுங்க அவளுக்கு."

"மாதா வர்றாங்க நம்ம வீட்டுக்கு."

"போன வாரம் எங்க வீட்டுக்கும் வந்தாங்க. கீழ்வீட்டு அம்மா, நாங்க ரெண்டு பேரு, இன்னும் பக்கத்துல எல்லாம் வந்தாங்க. அவதான் அஞ்சாவது பத்து சொன்னா. நல்லா சொன்னா."

"அப்பிடியா" என்றேன். வேடிக்கையாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் எனக்கு வந்த பீதியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. முதல் ஏற்பாடாக, அவர்கள் உள்ளே இருப்பது போலக் காட்டப் பரணிலிருந்து மனைவியின் பழைய செருப்பையும் மகளின் செருப்பையும் எடுத்துத் துடைத்து வாசலில் போட்டேன். அவள் புடவை ஒன்றை நனைத்துக் கொடியில் தொங்கவிட்டேன். பிறகு, உள்ளே இருக்கிறார்கள் என்றால் கூப்பிடச் சொல்வார்களே என்று உறைத்தது. இரண்டாவது ஏற்பாடாக, பஸ் கிடைக்காமல் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல முடிவு செய்தேன். பசை காய்ந்த ரயில்வேயை நகர்த்த முடியவில்லை. ஆலப்பாக்கம் முதல் சிதம்பரம் வரை படுக்கை விரிப்புகளால் மூடினேன். இரண்டாவது ஏற்பாட்டுக்கு மாறியவன் முதல் ஏற்பாட்டின் செருப்பை எடுத்து உள்ளே போட மறந்துவிட்டேன்.

ஏழு மணிக்குத் தூறலோடு வந்தார்கள். துறைமுகத்தில் ஐஸ்கடை வைத்திருக்கும் அக்கா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எதிர்வீட்டுக்காரர், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், என்னை மச்சான் என்று கூப்பிடுகிறவர், அவருக்குக் குடை பிடித்தார்.

"ஊட்ல எங்கப்பா?" என்றார் அக்கா.

"பஸ்ஸு கெடைக்கலக்கா. வந்துகிட்டே இருக்காங்க."

"செருப்பு வாசல்ல கெடக்குது?"

நான் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். அக்கா காலால் சின்னச் செருப்பை நகர்த்திப் பார்த்தார்.

"இது யாருது?"

"பாப்பாது."

"ஒன் பொண்ணு பத்தாவது படிக்குதுப்பா. இது அது கட்ட வெரலுக்குத்தான் ஆவும்."

ஏழாம் வகுப்பில் வாங்கியது அது. மூன்று வருஷத்தில் கால் வளர்ந்திருக்கும் என்கிற விஷயம், ஸ்டோர்ஸில் ஒவ்வொரு போல்ட்டின் அளவையும் மனப்பாடமாகச் சொல்கிற எனக்குத் தோன்றவே இல்லை.

"உடுபா மச்சான்" என்றார் எதிர்வீட்டுக்காரர். "எல்லாருக்கும் தெரியும்."

"என்னா தெரியும்?"

"சனி, ஞாயிறுலயும் நீ வாங்குறது கால் லிட்டர் பால் பாக்கெட்டு. மூணு பேரு இருக்கற ஊட்ல கால் லிட்டரா? மூணு வருஷமாத் தெரியும். நீ கஷ்டப்பட்டு மறைக்கிற, நடுவுல பூந்து எதுக்குக் கெடுக்கணும்னு உட்டுட்டோம்."

ஆட்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். சொரூபத்தை வைக்க இடம் இல்லை. ஸ்டூல் ஒன்று தயாராக வைத்திருந்தேன் என்று நினைத்தேன். அது கிள்ளையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அக்கா விரிப்பைப் பார்த்து, "என்னாப்பா இது, பொணத்த மூடி வச்சா மாதிரி" என்று ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அன்பியம் மொத்தமும் வாயைப் பிளந்தது. ஒரு கிழவர் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்து, "அகலப்பாதையே போட்டுட்டியா?" என்றார். அக்கா ஒன்றும் கேட்காமல் புதுச்சத்திரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில், வயல் மேல் சொரூபத்தை வைத்து மெழுகுத்திரி ஏற்றினார். மாதா அங்கே ரயிலுக்குக் காத்திருப்பவர் போல நின்றார்.

"மொத பத்து நான் சொல்றேன்" என்றார் அக்கா. இரண்டாவதை எதிர்வீட்டுக்காரர். மூன்றாவது, நான்காவது எல்லாம் யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவது என் முறை. மைக் இல்லாமல் என் குரலை நானே கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. ஏழாவது மணியில் எண்ணிக்கை தவறிப் பதின்மூன்று வரை போய்விட்டேன். யாரும் திருத்தவில்லை.

சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே அக்கா தையல் மெஷின் பக்கம் போனார். "இது யாரு ஊடு?" ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அட்டை வீடு, மாடியில் ஒரு போர்ஷன், கொடியில் நூல் அளவுக்குத் துணி, பக்கத்தில் தீக்குச்சியில் செய்த இரண்டு பேர்.

"அவுங்க இருக்கற ஊடுக்கா."

"ஒன்னக் காணம்?"

"நான்தான் இம்மாம் பெருசா பக்கத்துல நிக்கிறனே. ரயிலு உட்டதும் அவுங்க இங்க வந்துருவாங்க. அப்பறம் இந்த ஊட்டப் பிரிச்சுருவேன்."

அக்கா தலையை ஆட்டிவிட்டுக் குடையை எடுத்தார். எல்லாரும் போன பிறகு வீட்டில் மாதாவும் நானும் இருந்தோம். மறுநாள் காலை வழக்கம் போலக் கால் லிட்டர் பால் வாங்கினேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் புதுச்சேரியில், அவள் அம்மா வீட்டில் கழிந்தது. 2010 கோடை வரும்போது அகலப்பாதையில் ரயில் விட்டார்கள். முதல் நாள் ஜங்ஷனில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கையாட்டினேன். சிதம்பரத்திலிருந்து வந்த வண்டியின் ஒவ்வொரு ஜன்னலிலும் தேடினேன். வேலை நாள், அவள் வர முடியாது என்று தெரிந்தேதான் தேடினேன். மே மாதத்தில் அவளே போன் செய்தாள்.

"சனிக்கிழமை காலைல பாசஞ்சர்ல வர்றேங்க."

பரீட்சை முடிந்துவிட்டது. லீவு விட்டாகிவிட்டது. ரயில் வந்துவிட்டது. வேறு என்ன இருக்க முடியும்? வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஸ்டோர்ஸுக்கு லீவு போட்டு ரயில்வேயைக் கூடத்திலிருந்து பெயர்த்தேன். பாலத்தைப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு மேஜையைத் தேய்த்துக் கழுவினேன். மகளின் படிப்பு மேஜையைப் பழைய இடத்தில் போட்டேன். தையல் மெஷின் மேல் இருந்த சிதம்பரத்தை மட்டும் விட்டுவைத்தேன். அவர்கள் வந்ததும் அவர்கள் கண் முன்னால் எடுக்கலாம் என்று. சனிக்கிழமை காலை ஒரு லிட்டர் பால் வாங்கினேன். பால்காரர், "என்னாண்ணே, விசேஷமா?" என்றார். சாமான் ஏற்ற எதிர்வீட்டுக்காரரின் லோடு ஆட்டோவையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வண்டி வந்தது. அவள் மட்டும் இறங்கினாள். தோளில் கைப்பை; கையில் மடித்த காலிச் சாக்குப் பை ஒன்று.

எதிர்வீட்டுக்காரர் என் காதோரம், "மச்சான், லக்கேஜு எங்க?" என்றார்.

"பின்னாடி வண்டில வருது" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று நகர்ந்தார். திரும்பி வரவில்லை. நல்ல மனிதர்.

வீட்டில் அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கழுவிய மேஜையைத் தடவிப் பார்த்தாள். நான் காபி போட்டேன். சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மெஷின எடுத்துட்டுப் போலாம்னு வந்தேங்க. மேல் மெஷின மட்டும் கழட்டிகிட்டா போதும். அங்க ஸ்டாண்டு ஒண்ணு கெடைச்சுருக்கு. ப்ளஸ் ஒன் யூனிஃபார்ம் தைக்கணும் அவளுக்கு."

"எங்க ப்ளஸ் ஒன்?"

"அங்கதான். போன வாரம் சேத்தாச்சு. நல்ல மார்க்கு. ஒங்ககிட்ட போன்ல சொன்னனே."

சொல்லியிருந்தாள். மார்க்கைக் கேட்ட சந்தோஷத்தில் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சேர்த்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ரயிலு வந்துருச்சே" என்றேன். எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது.

"வந்துருச்சு. அவளுக்குக் காலைல டியூஷன், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். அவ சிநேகிதங்க எல்லாம் அங்கதான். எனக்கும் அங்க பழகிப் போச்சுங்க." காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "மொத ரெண்டு வருஷம் நீங்க கெளம்பி வந்துருவீங்கன்னு நெனச்சேன். சிப்காட்டுக்கு அங்கேருந்தும் பஸ்ஸு இருக்கு. நீங்க கேக்கல. நானும் சொல்லல."

"கோயில்ல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மெஷினை எடுக்கச் சிதம்பரத்தைத் தூக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். தூக்கும்போது அவள் அந்த அட்டை வீட்டைப் பார்த்துவிட்டாள். சிதம்பரத்தைத் தரையில் வைத்துவிட்டு முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தாள். தீக்குச்சியில் நின்றவர்களைப் பார்த்தாள். கொடியில் இருந்த துணியைப் பார்த்தாள். மெச்சப் போகிறாள் என்று காத்திருந்தேன். மாடல்காரனின் புத்தி எங்கே போகும்.

"படிக்கட்டு இந்தப் பக்கம் இல்லிங்க" என்றாள். "அந்தப் பக்கம். கை பம்புகிட்ட."

நான் பார்த்தேன். புதுச்சத்திரம் ஸ்டேஷனுக்கு எத்தனை ஜன்னல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஐந்து தடவை நானே ஏறி இறங்கிய படிக்கட்டு அது.

"மாத்தி ஒட்டிக்கலாம்" என்றேன்.

"ம்" என்றாள்.

ஸ்குரூ டிரைவர் எடுத்து மெஷினைக் கழற்றினேன். அவள் கொண்டுவந்த சாக்குப் பையில் வைத்துக் கட்டினேன். முழங்கால் வலியோடு அவளால் அதைத் தூக்க முடியாது. சாயங்காலப் பாசஞ்சரில் இரண்டு பேரும் ஏறினோம். மெஷின் என் மடியில் இருந்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை. நான் எண்ணி வைத்த ஜன்னல்கள் ஒன்றும் இப்போது இல்லை. எல்லாம் புதுக் கட்டடம். அவள் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள்.

கைப் பம்புக்குப் பக்கத்தில் இருந்த படிக்கட்டில் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மகள் கதவைத் திறந்து, "அப்பா, பாத்து" என்று ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள்.

அவர்கள் கடலூருக்குத் திரும்பி வரவில்லை. அன்பிய நோட்டை ஐஸ்கடை அக்காவிடமும் மைக்கை எதிர்வீட்டுக்காரரிடமும் கொடுத்தேன். 2012-இல் மகள் ப்ளஸ் டூ முடிக்கும் வரைக்கும் சனிக்கிழமை சாயங்காலம் நான் சிதம்பரம் போனேன். திங்கட்கிழமை காலை அங்கேயிருந்து நேராக சிப்காட்டுக்கு வந்தேன். மற்ற நாட்களில் முதுநகர் வீட்டில் தனியாக இருந்தேன்.